பி.காம். பட்டதாரி டேட்டா சயின்ஸ் முதுகலை படித்தால்

பி.காம். முடித்துக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், இணையவழி டேட்டா சயின்ஸ் (தரவுகளை அலசிக் கணிப்புகள் செய்யும் துறை) முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். கணினி அறிவியல் பின்புலம் இல்லாதவரால் இதை முடிக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். எல்லாரும் பயப்படுவது நிரலாக்கத்துக்கு. ஆளைச் சோதிப்பதோ நிகழ்தகவு.

பைத்தான் என்ற நிரல்மொழி கை பழகப் பழக வந்துவிடும். எக்செல்லில் இரண்டு தாள்களை ஒப்பிட்டுச் சரிபார்த்தே காலம் தள்ளியவருக்கு, பைத்தானில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் கருவியில் இரண்டு அட்டவணைகளை இணைப்பது பெரிய வேலையாகத் தெரியாது.

நிகழ்தகவு அப்படியல்ல. நூறு பேரில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை, நோயாளிகளில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயில்லாதவர்களில் 9 சதவீதத்தினரையும் நோயாளி என்று தவறாகக் காட்டும். பாசிட்டிவ் என்று வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 90 சதவீதம் என்றுதான் மனம் சொல்லும். ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேர், நோயில்லாத 990 பேரில் ஏறக்குறைய 89 பேர், ஆக 98 பேருக்கு பாசிட்டிவ் வரும். அவர்களில் நோயாளிகள் 9 பேர்தான்! பேய்ஸ் தேற்றத்தை இப்படி நிதானமாகப் போட்டுப் பார்த்ததன் பலன் பின்னால் கிடைத்தது. மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்கும் பாடத்தில், 99 சதவீதத் துல்லியம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு மாதிரியை (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலை) ஏன் மெச்சக் கூடாது என்பது உடனே விளங்கியது. மோசடி அபூர்வம் என்றால், எதுவுமே மோசடியில்லை என்று சொன்னாலே அந்த எண் வந்துவிடும்.

இந்தப் படிப்புக்கு வேண்டிய இன்னொரு கணக்குப் பகுதி அணிகளும் (matrix) திசையன்களும் (vector). அவற்றுக்கு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்வதற்கு முன்பே, கையில் நோட்டோடு உட்கார்ந்து பாருங்கள். வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவருக்குப் பருவம் தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

இந்தப் படிப்பால் எனக்கு வந்த நல்ல பழக்கம், எண்ணை நம்புவதற்கு முன் வரைபடம் போட்டுப் பார்ப்பது. ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரியும், புள்ளிகளின் போக்கைக் காட்டும் தொடர்புப் போக்குக் கோடும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு அளவுகள் எவ்வளவு ஒட்டி மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் அப்படித்தான், ஏறக்குறைய 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறியிருக்கிறது, இன்னொன்று வளைகிறது, மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி முழுக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அலுவலக மாதாந்திர அறிக்கையில்கூட இப்போது நான் சராசரியோடு நிறுத்துவதில்லை.

குறை என்றால், பாடப் பயிற்சிகளுக்குத் தரும் தரவு மிகவும் சுத்தமாக இருக்கிறது. என் இறுதித் திட்டம், எந்த வாடிக்கையாளர் பில் தொகையைத் தாமதமாகக் கட்டுவார் என்று கணிப்பது. அசல் தரவில் ஒரே நிறுவனத்தின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தேதிகளில் பாதி நாளை முதலில் எழுதியவை, பாதி மாதத்தை முதலில் எழுதியவை. அதைச் சீர்செய்யவே பெரும்பொழுது போகிறது. அதைவிட முக்கியமானது, அட்டவணையின் எந்த நெடுவரிசையைச் சேர்க்காமல் ஒதுக்குவது என்ற தீர்மானம். நினைவூட்டல் அனுப்பிய தேதியை மாதிரியில் சேர்க்கவே கூடாது. பணம் தாமதமான பிறகுதான் அந்தத் தேதியே உருவாகிறது. சேர்த்தால் மாதிரியின் மதிப்பெண் பிரமாதமாக வரும், நடைமுறையில் ஒன்றுக்கும் உதவாது. இதைப் பிடிக்க எனக்குக் கைகொடுத்தது கணக்குப் பிரிவு அனுபவம். உங்கள் பழைய துறையை உதறிவிட்டு வராதீர்கள்.

தனியாகப் படிப்பதும் கடினம். ஞாயிறு காலைகளில் சக மாணவர்கள் சிலரோடு காணொலியில் கூடிக் கணக்குப் போட்டதுதான் என்னைத் தாங்கிப் பிடித்தது.

பெரிய கட்டணம் கட்டுவதற்கு முன் உங்களைச் சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் டேட்டா சயின்ஸ் முதுகலைப் படிப்பு, பழைய மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. நுழைவுப் பாடங்களில் நன்றாகச் செய்தால் சேர்க்கை. அந்தப் பாடங்களை முதலில் கிரெடிட் (பட்டத்தில் கணக்கில் சேரும் புள்ளி) இல்லாமலும் படிக்கலாம். நிகழ்தகவுப் பயிற்சிகளைப் பிறர் உதவியின்றிப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றால் சில மாதங்கள் தள்ளிப்போட்டு, தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் மேல்நிலை வகுப்பு வணிகக் கணிதப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். அணிகள், பேய்ஸ் தேற்றம், நிகழ்தகவுப் பரவல்கள் எல்லாம் அவற்றிலேயே தமிழில் இருக்கின்றன.