சிங்கப்பூரில் முதல் வாடகை வீடு: எந்த வட்டாரம் யாருக்குப் பொருந்தும்?

வேலை உறுதியாகி எம்ப்ளாய்மென்ட் பாஸும் (வேலை அனுமதி) கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் இணையத்தில் முதலில் தேடுவது "தேக்கா பக்கத்தில் வீடு". தேக்கா என்பது லிட்டில் இந்தியா வட்டாரம்; கோயில், மளிகை, சாப்பாடு எல்லாம் அங்கே இருக்கிறது என்பது காரணம். ஆனால் தேக்காவுக்கு வாரம் ஒருமுறை போவீர்கள். அலுவலகத்துக்கு வாரம் ஐந்து நாள் போக வேண்டும். சிங்கப்பூரில் வட்டாரம் தேர்ந்தெடுக்க ஒரே நல்ல வழி, அலுவலகம் எந்த எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையிலேயே, வண்டி மாறாமல் போகிற தூரத்தில் வீடு பார்ப்பது. ஒரு முறை மாறுவது பரவாயில்லை. எல்ஆர்டி (எம்ஆர்டி நிலையத்தில் கொண்டுவிடும் சிறு ரயில்), எம்ஆர்டி, மறுபடி எம்ஆர்டி என்று இரண்டு முறை மாறினால், வரைபடத்தில் அரை மணி என்று காட்டுவது காலை நெரிசலில் ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடும்.

வட்டாரங்களுக்குப் போகுமுன் அளவு பற்றி ஒன்று. எச்டிபி (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் "4-அறை வீடு" என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். "3-அறை" என்றால் இரண்டு படுக்கையறை. கணவன், மனைவி, ஒரு குழந்தைக்கு 3-அறை வீடே போதும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால் 4-அறை பாருங்கள். 2024-இல் 4-அறை வீட்டின் மாத வாடகை பெரும்பாலான வட்டாரங்களில் 3,000 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) 4,000 வெள்ளிக்கும் இடையில் இருந்தது. உட்லண்ட்ஸ், சுவா சூ காங் போன்றவை கீழ் முனை. குவீன்ஸ்டவுனும் நகர மையமும் மேல் முனை. எச்டிபி தன் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வட்டாரவாரியாக இடைநிலை வாடகையை வெளியிடுகிறது. முகவர் சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்ட பிறகே பேரம் பேசுங்கள்.

தெம்பனிஸ், சீமெய்: சாங்கி பிசினஸ் பார்க் ஆட்களுக்கு முதல் தேர்வு

வங்கிகளின் தொழில்நுட்பப் பிரிவுகளில் சேரும் நம்மவர்களில் பலருக்கு அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில்தான். அதற்கான நிலையம் எக்ஸ்போ. தெம்பனிஸிலிருந்து டவுன்டவுன் பாதையில் தெம்பனிஸ் ஈஸ்ட், அப்பர் சாங்கி, அடுத்தது எக்ஸ்போ; மூன்றே நிறுத்தம். நகரத்தை நோக்கிப் போகும் கூட்டத்துக்கு எதிர்த்திசை என்பதால் காலையில் மூச்சுவிட இடம் இருக்கும். அதே தெம்பனிஸிலிருந்து கிழக்கு-மேற்குப் பாதையில் நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் பிளேஸுக்கு வண்டி மாறாமல் போகலாம். ஒருவருக்குச் சாங்கியிலும் மற்றவருக்கு நகரத்திலும் வேலை என்றால் இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடையாது.

குறைகளும் உண்டு. தெம்பனிஸில் இரு பாதைகளின் நிலையங்களும் ஒன்றோடொன்று உள்ளுக்குள் இணைந்தவை அல்ல. வெளியே வந்து நடந்துதான் மாற வேண்டும். கிழக்கு-மேற்குப் பாதை இங்கே தரைக்கு மேலே ஓடுகிறது. தண்டவாளத்தைப் பார்த்த படுக்கையறை என்றால் காலை ஐந்தரை மணிச் சுமாருக்கே சத்தம் ஆரம்பித்துவிடும், நள்ளிரவு வரை ஓயாது. ஜன்னலை மூடி ஏசியிலேயே இருந்தால்தான் தூக்கம், அதற்கு மின்கட்டணம் தனி. அதே புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) மறுபக்க வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. எனவே புளோக் எண்ணோடு, வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கேளுங்கள்.

சீமெய் சிறியது, அமைதியானது. சாங்கி பொது மருத்துவமனை அங்கேதான். ஒரே கடைத்தொகுதி என்பது சிலருக்குக் குறை. குழந்தையுள்ள வீட்டுக்கு அதுவே நிறை. பிடோக் கொஞ்சம் பழைய வட்டாரம், உணவங்காடிகள் அருமை. சாய் சீயில் என்பிஎஸ் இன்டர்நேஷனல் பள்ளி இருப்பதால் சிபிஎஸ்இ குடும்பங்கள் இந்தப் பக்கம் வருகின்றன.

செங்காங், பொங்கோல்: புது வீடு, குறைந்த வாடகை, ஆனால் எல்ஆர்டி

இளம் குடும்பங்கள் நிறைந்த வட்டாரங்கள். கட்டடங்கள் புதியவை, விளையாட்டு இடங்கள் தாராளம். செங்காங் ரிவர்வேல் கிரசென்ட்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம், பொங்கோலில் ஜிஐஐஎஸ் (குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல்) பள்ளி வளாகம். வடகிழக்குப் பாதையில் ஏறினால் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, தோபி காட் எல்லாம் நேராக வரும். தேக்கா ஆசையும் வண்டி மாறாமலே தீரும்.

விளம்பரங்களில் கவனம் வேண்டியது ஒரே இடத்தில்: "நிலையத்துக்கு மூன்று நிமிடம்" என்று போட்டிருப்பது பல நேரம் எல்ஆர்டி நிலையம். அது ஓரிரு பெட்டிகள் மட்டும் கொண்ட சிறு ரயில், வட்டமாகச் சுற்றி வந்து எம்ஆர்டியில் விடும். காத்திருப்பு, சுற்று, மேல்தளத்திலிருந்து இறங்கிப் பாதாள நடைமேடைக்குப் போவது எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதல். எம்ஆர்டிக்கு நடந்தே போகிற வீட்டுக்கு மாதம் நூறு, இருநூறு வெள்ளி அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். 2024 டிசம்பர் 10-இல் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்ததிலிருந்து வண்டி அங்கிருந்து புறப்படுகிறது. காலையில் பொங்கோலில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு நல்லது. ஹவ்காங் தாண்டினால் நிற்கவே இடம் குறைவு.

பாய லேபார் விமானப்படைத் தளம் அருகில் என்பதால் ஹவ்காங், செங்காங், பொங்கோல் பகுதிகளில் வார நாட்களில் போர் விமானச் சத்தம் கேட்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் பகலில் குழந்தையைத் தூங்க வைப்பவர்களும் வார நாள் பகலில் ஒருமுறை வீட்டைப் பார்ப்பது அவசியம். ஞாயிறு மாலை பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சிராங்கூன், பொத்தோங் பாசிர், பூன் கெங்

வாடகை கூடுதல்தான், ஆனால் கொடுக்கத் தகும். சிராங்கூனில் வடகிழக்குப் பாதையும் வட்டப் பாதையும் சந்திக்கின்றன. ஒன்-நார்த் அலுவலக வளாகத்தில் வேலை என்றால் வட்டப் பாதையில் நேராகப் போகலாம். தேக்கா ஐந்தாவது நிறுத்தம். பொத்தோங் பாசிரில் ஸ்ரீ சிவதுர்கா ஆலயம். இங்கே பல புளோக்குகள் பழையவை. பழைய கட்டடங்களில் குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே திறக்கும், கரப்பான் பூச்சி அந்த வழியாக ஏறி வரும். புதுக் கட்டடங்களில் அது வாசலுக்கு வெளியே பொதுவாக இருக்கும். பழைய வீடு எடுப்பதானால் அந்த மூடி இறுக்கமாக மூடுகிறதா என்று கையால் திறந்து மூடிப் பாருங்கள்.

தேக்கா, ஃபேரர் பார்க்

தனியாக வருபவர், அறை மட்டும் எடுப்பவர், நகரத்தில் வேலை செய்பவர்: இவர்களுக்கு நல்லது. லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு, டவுன்டவுன் என இரண்டு பாதைகள். தேக்கா சந்தையில் வாழைப்பூ முதல் முருங்கைக்கீரை வரை கிடைக்கும், இரவு எந்நேரமும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. வார இறுதியில், குறிப்பாக ஞாயிறன்று, தீவெங்கிலும் இருந்து தொழிலாளர்கள் கூடும் இடம் இது. நடைபாதையில் நகர முடியாது. அது அவர்களின் ஒரே ஓய்வு நாள், கூட்டம் குறையும் என்று எதிர்பார்க்கவே கூடாது. கடைவீட்டு மாடி அறைகளில் ஜன்னல் இல்லாத தடுப்பறைகளும் உண்டு. வாடகை எவ்வளவு குறைந்தாலும் அவற்றை எடுக்காதீர்கள்.

ஜூரோங், உட்லண்ட்ஸ்

துவாஸ், ஜூரோங் தீவு, கப்பல் பட்டறை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகளில் வேலை என்றால் மேற்குதான். இங்கே எம்ஆர்டியைவிட நிறுவனப் பேருந்து முக்கியம். எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு ஏற்றுகிறது என்று மனிதவளத் துறையிடம் கேட்ட பிறகு லேக்சைடா பூன் லேயா என்று முடிவெடுங்கள். உட்லண்ட்ஸில் வாடகை குறைவு, வீடு விசாலம். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை வந்த பின் ஆர்ச்சர்ட், ஷென்டன் வே பக்கம் போக வசதியாகிவிட்டது. சாங்கியில் வேலை செய்பவர் மட்டும் வாடகை குறைவு என்று உட்லண்ட்ஸுக்குப் போக வேண்டாம். தீவின் குறுக்கே தினமும் போய்வர வேண்டும்.

வட்டாரம் சரி, வீடும் பிடித்துவிட்டது. அப்புறமும் கெடுவது எங்கே?

முதல் இடம், வெளிநாட்டவர் ஒதுக்கீடு. முழு எச்டிபி வீட்டை மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு விட, பேட்டை (புளோக்குகள் பல சேர்ந்த பகுதி) அளவில் 8 விழுக்காடு, புளோக் அளவில் 11 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. அந்தப் புளோக்கில் அது நிரம்பியிருந்தால் உரிமையாளர் விரும்பினாலும் உங்களுக்கு விட முடியாது. புளோக் எண்ணைக் கொடுத்து எச்டிபி தளத்தில் பார்த்துவிடலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் முகவரிடம் அந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அறை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த வரம்பு இல்லை.

இரண்டாவது, "ஓர் அறை பூட்டிய வீடு". ஓர் அறையில் உரிமையாளரின் சாமான் இருக்கும், அவர் அங்கே குடியிருக்க மாட்டார். மற்ற அறைகள் உங்களுக்கு. முழு வீட்டையும் வாடகைக்கு விட உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், அவர் தானே அங்கே குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலமும் (பொதுவாக ஐந்தாண்டு) முடிந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிக்கு (பிஆர்) அந்த அனுமதி கிடையாது. இந்தத் தகுதி இல்லாதவர்கள் கையாளும் குறுக்குவழிதான் பூட்டிய அறை. எச்டிபி கண்டுபிடித்தால் பெட்டியைத் தூக்க வேண்டியது நீங்கள். ஒப்பந்தத்தில் "அறைகள்" என்று எழுதிவிட்டு முழு வீடு என்று வாயால் சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சமையல். இந்தியக் குடும்பம் என்றதும் தாளிப்பு வாசனையைச் சொல்லி மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இது வேதனையான விஷயம். ஆனாலும் வீடு பார்க்கப் போகும் முன்பே முகவரிடம் நேராகக் கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். அறை எடுப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். "லேசான சமையல்" என்றால் பெரும்பாலும் நூடுல்ஸ், முட்டை, மைக்ரோவேவ், அவ்வளவுதான். குக்கர் வைக்கலாமா, தினமும் சமைக்கலாமா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

வீட்டை மாலை நான்கு மணிக்கு மேல் பாருங்கள். மேற்குப் பார்த்த சுவரைத் தொட்டால் கொதிப்பது அப்போதுதான் தெரியும். அந்தச் சுவர் இரவு பத்து மணி வரை ஆறாது. எல்லா ஏசிகளையும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். தண்ணீர் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அலமாரியின் பின்பக்கம் பூஞ்சை, வாட்டர் ஹீட்டர், சலவை இயந்திரம், குழந்தை இருந்தால் ஜன்னல் கம்பி, எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

ஊரிலிருந்தபடியே வீடியோவில் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். முகவரின் பதிவு எண் ஆங்கில ஆர் (R) எழுத்தில் தொடங்கும். முகவர்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான சிஇஏ-யின் பதிவேட்டில் எண்ணும் தொலைபேசியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எச்டிபி வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது சட்டம். பணம் உரிமையாளர் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். தனியார் வீட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம், எச்டிபிக்கு ஆறு மாதம் என்று விதி இருப்பதால், வாரக் கணக்கில் கிடைக்கும் "வீடுகள்" சட்டப்படியானவை அல்ல. முதல் இரண்டு, மூன்று வாரம் ஹோட்டலோ சர்வீஸ் அபார்ட்மென்டோ எடுத்துத் தங்கி, அங்கிருந்து வீடு தேடுவதுதான் சரி. முடிந்தால் அந்தச் செலவை நிறுவனத்திடம் பேசி வாங்குங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்? 3,200 வெள்ளி வாடகை, ஓராண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 3,200, வைப்புத்தொகை ஒரு மாதம் 3,200, முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 153. ஆக 6,553 வெள்ளி. இரண்டாண்டு என்றால் வைப்புத்தொகை இரண்டு மாதமாகி மொத்தம் 9,907. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கான வைப்பு தனி. நீங்களாக முகவர் வைத்தால் அவர் கட்டணமும் தனி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிட வேண்டும், சான்றிதழின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாண்டு ஒப்பந்தத்தில் "டிப்ளமேட்டிக் கிளாஸ்" (diplomatic clause) என்ற விதி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். வேலை போனாலோ நாடு மாற்றப்பட்டாலோ 12 மாதம் முடிந்த பின் இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேற அது வழிசெய்கிறது. சிலர் அதில் "நாடு மாற்றம்" மட்டும் எழுதி வேலையிழப்பை விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று தேடிப் படியுங்கள். முதல் 30 நாளில் தெரியவரும் பழுதுகள் உரிமையாளர் செலவு என்ற வரியும், அதற்குப் பின் சிறு பழுதுக்கு உங்கள் பங்கு எத்தனை வெள்ளி வரை என்ற வரியும் வேண்டும்.

வைப்புத்தொகையில் பிடித்தம் பெரும்பாலும் ஏசியிலும் சமையலறையிலும்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் செய்வது வாடகைதாரர் பொறுப்பு. ஒரு ரசீது குறைந்தாலும் கெமிக்கல் வாஷ் (ஏசியை ரசாயனம் கொண்டு கழுவுவது) செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். அடுப்புக்கு மேலுள்ள சுவர், புகைபோக்கியின் அடிப்பக்கம், அலமாரிக் கதவின் கீழ் விளிம்பு: இந்த மூன்றையும் குடிபோகும் அன்றே தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் பணம் திரும்பாவிட்டால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே போய்க் கேட்கலாம்.