ஸ்பாட் வெல்டிங்: மீட்டரா, அல்ட்ராசானிக்கா?

உச்சிப்புளியில் எங்கள் பட்டறையில் பீரோவும் மீன் பெட்டியும் செய்கிறோம். இரண்டு தகட்டைக் காப்பர் டிப்புகளுக்கு நடுவே அழுத்தி, மின்சாரம் விட்டு ஒரு புள்ளியில் உருக்கி ஒட்டுவதுதான் ஸ்பாட். அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க இதுவரை உளிதான். துண்டுத் தகட்டில் ஒரு ஸ்பாட் வைத்து உரித்தால், ஒரு பக்கம் பொத்தான் மாதிரி பிய்ந்து வரவேண்டும், மறுபக்கம் ஓட்டை விழவேண்டும். 1 மி.மீ. தகட்டுக்கு அந்தப் பொத்தான் 4 மி.மீ.க்குக் குறையக்கூடாது. நம்பகமான சோதனைதான். ஆனால் பாம்பனுக்குப் போய்விட்ட பெட்டியை உரிக்க முடியாதே! அப்படிப் போன ஒன்று, மேலே பெயின்ட் கலையாமல், மடிப்புக்குள் துருப்பிடித்துத் திரும்பி வந்தது. ஸ்பாட் விட்ட இடைவெளியில் உப்புக்காற்று புகுந்திருந்தது.

உடைக்காமல் பார்க்க இரண்டு வழி கையில் இருந்தன.

முதலாவது, மெஷின் கையில் சுருள் மாட்டி ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் ஆம்பியர் காட்டும் மீட்டர். சாயங்காலம் ஊரே லைட் போட்டதும் எங்களுக்கு வோல்டேஜ் இறங்கும். மின்னோட்டம் 10 சதவீதம் குறைந்தால் வெப்பம் 19 சதவீதம் குறையும், ஏனென்றால் வெப்பம் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியாத இதை மீட்டர் உடனே பிடித்துவிடும். ஆனால் காப்பர் டிப் நசுங்கினால் ஏமாந்துபோகும். 6 மி.மீ. முனை 7 ஆகப் பரந்தால் பரப்பு 36 சதவீதம் கூடும். அதே ஆம்பியர் பரந்துபோய் ஸ்பாட் பலவீனமாகும், மீட்டரோ 'சரி' என்றே காட்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகட்டில் அந்தத் துத்தநாகம் டிப்பில் ஒட்டுவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வோல்டேஜையும் சேர்த்து அளந்து மின்தடை வரைபடம் போடும் கருவி இதில் மேல், விலையும் மேல்.

இரண்டாவது அல்ட்ராசானிக், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியைத் தகட்டுக்குள் அனுப்பி எதிரொலியைத் திரையில் காட்டும் கருவி. அது காரணத்தைப் பார்க்காது, விளைவைப் பார்க்கும். ஒட்டாத ஸ்பாட்டில் எதிரொலி ஒரு தகட்டின் கனத்துக்கே நெருக்கமாகத் திரும்பும். ஒட்டியதில் இரண்டு தகட்டின் கனத்துக்கு இடைவெளி விட்டு வந்து, சீக்கிரம் அடங்கும்; உருகி உறைந்த உலோகத்தின் பெரிய பரல்கள் ஒலியை விழுங்கிவிடும். துத்தநாகம் மட்டும் உருகி ஈயப்பற்று மாதிரி ஒட்டியிருந்தால் எதிரொலி அடங்காமல் நீளும். இந்த நுணுக்கம் ஆம்பியர் மீட்டரில் கிடைக்காது. ஆனால் ஜெல் தடவி, ஸ்பாட் ஸ்பாட்டாகக் கை வைத்து, திரையை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் பட்டறையில் மூன்றே பேர்.

அதனால் மீட்டர் வாங்கினோம். 200 ஸ்பாட்டுக்கு ஒருமுறை டிப்பை அரம் போட்டுவிட்டு, பழைய உளியால் ஒரு துண்டை உரிக்கிறோம்.