ஒரு-படி ஒளியுமிழ்வுக் கணக்கு: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஒளி பட்டதும் திடப்பொருளிலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதுதான் ஒளியுமிழ்வு. வெளிவரும் எலக்ட்ரானையும் அதன் ஸ்பின்னையும் (அதற்குள்ளேயே இருக்கும் காந்தத் திசை) கணினியில் கணித்துச் சொல்லும் முறை ஒன்றுதான் ஒரு-படிக் கணக்கு. போன வாரம் ஆய்வக ஜூனியர் ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. "அண்ணா, அதே சாம்பிள், அதே கோணம். பி-ஒளியில் ஸ்பின் ஒரு பக்கம் காட்டுது, எஸ்-ஒளிக்கு மாத்தினா நேர் எதிர்ப்பக்கம் காட்டுது. டிடெக்டர் கெட்டுப்போச்சா, இல்ல ஒரு-படி கணக்கு போட்டுத்தான் ஆகணுமா?"

டிடெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வைத்திருப்பது கனமான உலோகம். அதில் ஒரே மேற்பரப்பு நிலைக்குள் (படிகத்தின் மேல்முகத்தை ஒட்டியே வாழும் எலக்ட்ரான் நிலை) செங்குத்தாக நிற்கும் ஆர்பிட்டால் ஒரு ஸ்பின்னோடும், தளத்தில் படுத்திருக்கும் ஆர்பிட்டால் எதிர் ஸ்பின்னோடும் பின்னிக் கிடக்கும். பி-ஒளியின் மின்புலத்துக்கு மேற்பரப்புக்குச் செங்குத்தான பங்கு உண்டு, அது முதலாவதை அதிகம் பிடுங்கும்; எஸ்-ஒளியின் மின்புலம் தளத்திலேயே கிடக்கும், அது இரண்டாவதை. வெளியே வரும் எலக்ட்ரானின் ஸ்பின் வேறு, உள்ளே இருந்த நிலையின் ஸ்பின் வேறு. பிஸ்மத் செலினைடில் 2013-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆனால் அவருடைய கேள்வியின் இரண்டாம் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெர்க்லண்டும் ஸ்பைசரும் 1964-ல் கொடுத்த மூன்று-படிப் படம்: எலக்ட்ரான் உள்ளே கிளம்பும், மேற்பரப்புக்கு நடக்கும், தாண்டிக் குதிக்கும். எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்க்க இது போதும், இன்றைக்கும் நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஒரு-படிக் கணக்கில் இந்த மூன்றும் ஒரே நிகழ்வு. இறுதி நிலை என்பது காலத்தில் திருப்பிப் போட்ட குறை-ஆற்றல் எலக்ட்ரான் விளிம்புவிளைவு அலை, அதாவது வெளியிலிருந்து வந்து படிகத்தில் மோதிச் சிதறும் எலக்ட்ரான் அலையைப் பின்னோக்கி ஓட்டியது. இயற்பியலாளர் பெண்ட்ரி இதை 1976-ல் முழு வடிவத்தில் எழுதினார், 1980-ல் நிரலாகவும் வெளிவந்தது. (மறைய வைக்கும் போர்வை, குறையில்லா வில்லை என்று பின்னாளில் செய்தித்தாள்களில் வந்த அதே பெண்ட்ரிதான். எங்கள் கூட்டத்தில் அந்தப் போர்வையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.) பிறகு டிராக் சமன்பாட்டை (எலக்ட்ரானுக்கான சார்பியல் சமன்பாடு) உள்ளே வைத்து ஸ்பின்னையும் சேர்த்தார்கள். நான் ஓட்டுவது அந்த வகை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. காந்தமில்லாத பிளாட்டினம் படிகம், (111) முகம், அதாவது அணுக்கள் முக்கோணமாக அடுக்கி நிற்கும் வெட்டுமுகம். நேர்குத்தாக விழும் ஒளி, அதுவும் சாதாரண நேர்கோட்டுத் தளவிளைவு ஒளி (மின்புலம் ஒரே கோட்டில் ஆடுவது). நேர்குத்தாக வெளிவரும் எலக்ட்ரான்களை மட்டும் பிடிக்கிறோம். காந்தம் இல்லை, வட்டத் தளவிளைவும் இல்லை, பிறகு ஸ்பின் எங்கிருந்து வரும்? வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரும் என்று 1987-ல் தமுரா, பீப்கே, ஃபெடர் மூவரும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மேற்பரப்பின் மூன்று மடங்குச் சமச்சீரே அதற்குப் போதும் என்றார்கள். அடுத்த வருடமே ஹைன்ஸ்மான் குழு பிளாட்டினத்தில் அளந்து பார்த்தது. வந்தது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தப் படிகத்தைத் தன் அச்சில் 60 பாகை திருப்பினால் ஸ்பின் குறி அப்படியே மாறிவிடும். காரணம் எளிது: மூன்று மடங்குச் சமச்சீருக்கு 60 பாகையும் 180 பாகையும் ஒன்றுதான். நேர்குத்தாக விழும் நேர்கோட்டு ஒளிக்கு 180 பாகைத் திருப்பம் தெரியவே தெரியாது, ஆனால் தளத்தில் படுத்திருக்கும் ஸ்பின்னுக்குத் தெரியும். அளவீட்டுக்காரருக்கு இது பெரிய வரம். கருவியின் சொந்தக் கோணல், படிகத்தைத் திருப்பினால் மாறாது. உண்மையான ஸ்பின் மாறும். இரண்டையும் கழித்தால் கோணல் போய்விடும். அளவீடு வரும் முன்பே, எதைத் தேட வேண்டும், எந்தக் கோணத்தில் தேட வேண்டும் என்று சொன்ன கணக்கு இது. இந்த ஒன்றுக்காகவே இதன் மேல் எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை.

இப்போது எரிச்சலுக்கு வருவோம். மேற்பரப்புத் தடுப்பு.

படிகத்துக்குள் எல்லாம் ஒழுங்காகக் கணக்கிடப்பட்டு வருகிறது. வெளியே வெற்றிடம், அதிலும் குழப்பமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள சில ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் மின்னழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை மட்டும் பயனரே வடிவம் கொடுத்து எழுத வேண்டும். வெளிப்பக்கம் பிம்ப விசையின் (வெளியேறிய எலக்ட்ரானை உலோகம் பின்னால் இழுக்கும் விசை) வால், உள்பக்கம் படிகத்தின் தளம், நடுவில் ஒரு பல்லுறுப்புக் கோவையால் ஒட்டு. அந்த ஒட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பவை கையால் போடும் எண்கள். மேற்பரப்பு நிலை வாழ்வதோ சரியாக அந்த இடத்தில். எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் நிலை மேலே போகும், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் கீழே வரும். தங்கம் (111)-இல் அந்த நிலையின் அடி ஃபெர்மி மட்டத்துக்கு (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லை) கீழே 0.48 எலக்ட்ரான் வோல்ட்டில் உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உட்காரும் வரை நகர்த்துகிறோம். பிறகு கட்டுரையில் "அளவீட்டோடு நன்றாக ஒத்துப்போகிறது" என்று எழுதுகிறோம். ஒத்துப்போகாமல் எங்கே போகும்?

சரி, சில அணு அடுக்குகளை மட்டும் எடுத்துப் போடும் அடுக்குப் படிகக் கணக்கிலிருந்து தன்னிசைவான மின்னழுத்தத்தை எடுத்துப் போட வேண்டியதுதானே என்பார்கள். போட்டும் பார்க்கலாம். வழக்கமான அடர்த்தித் தோராயத்தில் மின்னழுத்தம் வெளியே வேகமாக, அடுக்குக்குறியாகத் தேய்ந்துவிடும். பிம்ப விசையின் நீண்ட வால் அதில் கிடையாது. அதைத் திரும்பவும் கையால்தான் ஒட்ட வேண்டும். சுற்றிச் சுற்றி அதே ஒட்டுப்போடும் வேலைக்கே வந்து நிற்கிறோம். உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கடுப்புதான்.

இறுதி நிலையின் கற்பனைப் பகுதி, அதாவது எலக்ட்ரான் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பது, இன்னொரு கையெண். ஓரிரு எலக்ட்ரான் வோல்ட் என்று போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அகலத்தைத்தான் முக்கியமாகத் தொடுகிறது.

நியாயமாகப் பேசினால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தடுப்பை நகர்த்தினால் தங்கத்தின் நிலை மேலும் கீழும் ஆடுகிறது, ஆனால் ஸ்பின் பிளவு, அதாவது எதிரெதிர் ஸ்பின் நிலைகளுக்கு நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி, கிட்டத்தட்ட அசைவதே இல்லை. 1996-ல் லஷெல், மெக்டூகல், ஜென்சன் அளந்த அந்த இரட்டைப் பரவளையங்கள் ஃபெர்மி மட்டத்தில் சுமார் 0.11 எலக்ட்ரான் வோல்ட் பிரிந்து நிற்கின்றன. பலரும் மேற்பரப்பு மின்புலம்தான் இதைச் செய்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் புலத்தை மட்டும் சுதந்திர எலக்ட்ரான் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், விடை பல ஆயிரம் மடங்கு குறைவாக வரும். உண்மையான வேலை நடப்பது 79 புரோட்டான் இருக்கும் தங்கக் கருவுக்கு மிக அருகில். மேற்பரப்பு செய்வது அலைச்சார்பைக் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்த்துவிடுவது மட்டுமே. அதனால்தான் அதே (111) முகம், அதே வகை நிலை இருந்தும் வெள்ளியிலும் செம்பிலும் பிளவு மிகச் சிறியது. கருவுக்கு அருகே நடப்பதை இந்தக் கணக்கு மிகச் சரியாகச் செய்கிறது. ஆக, நான் திட்டும் இடத்துக்கும் ஸ்பின்னுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. திட்டுவதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

அளவீட்டுப் பக்கம் இருப்பவர்கள் கணக்குக்காரர்களை அவ்வளவாக நம்புவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மாட் டிடெக்டர் எலக்ட்ரான்களைக் கன அணுக்களில் மோதவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணி ஸ்பின்னை அளக்கும். அதன் பிரித்தறியும் திறனான ஷெர்மன் எண் 0.2 என்றால் 30 சதவீத ஸ்பின் முனைவாக்கம் வெறும் 6 சதவீத இடம்-வல வேறுபாடாகத்தான் தெரியும். முனைவாக்கத்தை ஒரு சதவீதப் பிழைக்குள் சொல்ல ஒரு புள்ளிக்கே இரண்டரை லட்சம் எலக்ட்ரான் எண்ண வேண்டும். இரவு முழுக்க அப்படி எண்ணியவரிடம் போய், நான் தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினேன், பொருந்திவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம். ஆய்வேட்டுக்கு ஒரு வருடம்தான் மிச்சம். ஆர்பிட்டால் சமச்சீரை வைத்துக் காகிதத்தில் போடும் கணக்கே குறி மாற்றத்தை விளக்கிவிடும். போட்டான் ஆற்றலை மாற்றும்போதும் குறி புரண்டால் அப்போது வா, ஏனென்றால் அங்கே இறுதி நிலை விளையாடுகிறது, காகிதம் போதாது. நான் மட்டும் இதை விடப் போவதில்லை; இன்றைக்கும் இரிடியம் (111) ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, தடுப்பு வரியை இன்னும் இரண்டு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும்.