தூரத்து டெஸ்க்டாப்புக்கு இணையம்: லேன் கேபிளா, வைஃபை ரிப்பீட்டரா?

டெஸ்க்டாப் இடம் மாறாத பொருள். அதனால் என் ஓட்டு லேன் கேபிளுக்குத்தான். கேட் 5இ (Cat 5e) என்ற வகை லேன் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும்; வீட்டுக்கு அது தாராளம். சுவரில் துளை போடுவதுதான் வேலை. பெரிய துளை வேண்டாம். வெறும் கேபிளை நுழைத்துவிட்டு, அப்புறம் முனையில் ஆர்ஜே45 (RJ45) என்ற லேன் பிளக்கைக் கிரிம்ப் செய்தால், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தினால் போதும். மின்கம்பிக் குழாய்க்குள் மட்டும் சேர்த்து இழுக்காதீர்கள்.

ரவுட்டரின் வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவிதான் ரிப்பீட்டர்; அதை மாட்டுவது சில நிமிட வேலை. ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பும் வகை ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பலர் அதைக் கணினிக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். சிக்னலே எட்டாத இடத்தில் அது எதை அனுப்பும்? ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டுங்கள். சுவரைத் தொட முடியாத வாடகை வீடு என்றால், சரி, இதுவே வழி.