இடமும் சேர்ந்து தெரியும் படங்கள்: சிறிய மிர்ரர்லெஸ் கேமராவோடு சில ஆண்டுப் பயணங்கள்

பயணத்துக்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்கள், நான் வைத்திருப்பதைப் பார்த்ததும் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: "இவ்வளவு சின்ன சென்சாரில் (படம் பதியும் சில்லில்) பின்னணி மங்கலாக வராதே?" அவ்வளவாக வராதுதான். பயணத்தில் நான் இதை விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான்.

சில ஆண்டுகளாக என் கையில் இருப்பது ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்10 மார்க் 2 என்ற மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா. 2015இல் வெளிவந்த மாடல், 16 மெகாபிக்சல். பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 390 கிராம். இதனோடு மூன்று லென்ஸ்கள்: 17 மி.மீ. எஃப் 1.8 (120 கிராம்), 45 மி.மீ. எஃப் 1.8 (116 கிராம்), 40-150 மி.மீ. ஜூம் (190 கிராம்). எல்லாவற்றையும் கூட்டினால் 816 கிராம். (எஃப் என்பது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்; எண் சிறியதானால் திறப்பு பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம்.) ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் வகையைச் சேர்ந்தது இது. சென்சாரின் அளவு 17.3 × 13 மி.மீ.; பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. படத்தில் எவ்வளவு இடம் அடங்கும் என்று பார்க்க லென்ஸின் மி.மீ. எண்ணை இரட்டித்துக்கொள்ள வேண்டும்: 17 என்பது ஃபுல் ஃபிரேமில் 34 போலவும், 45 என்பது 90 போலவும், ஜூம் 80-300 போலவும் காட்டும்.

எடை குறைவு என்பதைக் காலையில் யாரும் உணர்வதில்லை. மதியத்துக்குப் பிறகுதான் தெரியும். கனமான பை வைத்திருப்பவர்கள் நிழல் தேடி உட்காரும் நேரத்தில், கேமராவும் 17 மி.மீ. லென்ஸும் சேர்த்து 510 கிராம்தான் என்பதால் நான் அதை மணிக்கட்டு வாரில் மாட்டியபடியே நடந்துகொண்டிருப்பேன். நல்ல வெளிச்சம் திரும்பி வருவது அந்தி நெருங்கும்போதுதான். அப்போது கேமரா அறையில் இல்லை, கையில் இருக்கிறது.

இனி அந்தப் பின்னணி விஷயத்துக்கு வருகிறேன். திருமணப் படம் எடுப்பவருக்கு முகம் மட்டும் தனியே தெரிய வேண்டும். பின்னால் இருப்பதைக் கரைத்துவிடலாம். பயணத்தில் பின்னால் இருப்பதுதான் நாம் தேடிப் போன இடம். அதைக் கரைத்துவிட்டால் அந்த முகத்தை எந்த ஊரில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மாலை மங்கும் நேரம். ஒரு மீனவர் தரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் எனக்கும் 4 மீட்டர் இடைவெளி. அவருக்கு இரண்டு மீட்டர் பின்னால் அவருடைய படகு. 17 மி.மீ. லென்ஸை முழுவதும் திறந்து எஃப் 1.8இல் எடுத்தேன். இந்தக் கணக்கில் சுமார் 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குச் சற்று மேல் வரை கூர்மையாக விழும். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பிடித்த முடிச்சும் தெரிகிறது, படகின் விளிம்பில் உரிந்து நிற்கும் நீலச் சாயமும் தெரிகிறது. ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்தால் கூர்மை 5 மீட்டரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்; படகு மங்கிப்போகும். படகையும் கொண்டுவர எஃப் 3.5 பக்கம் மூட வேண்டும். அப்படி மூடினால் உள்ளே வரும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். பெரிய சென்சாரில் இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) குறைவு என்ற ஆதாயத்தின் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். இந்தக் கணக்கைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஆளும் இடமும் சேர்ந்து வேண்டும் என்பவருக்குச் சிறிய சென்சாரால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

17 மி.மீ. லென்ஸில் நான் மனதாரப் பாராட்டும் ஒரு வசதி, அதன் ஃபோகஸ் வளையம். அதைப் பின்னோக்கி ஒரு இழுப்பு இழுத்தால் 'டக்' என்று இறங்கி உட்காரும். அடியில் மறைந்திருந்த தூர அளவுகோல் வெளிப்படும். அந்த நொடியே ஆட்டோ ஃபோகஸ் விலகிக்கொள்ளும். பகலில் எஃப் 5.6 வைத்து, வளையத்தை மூன்றரை மீட்டர் அருகே நிறுத்திவிட்டால், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து தொடுவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும். பிறகு ஃபோகஸ் என்ற நினைப்பே வேண்டாம். சந்தையின் நெரிசலில் எதிரே வருபவர் தலைச்சுமையைத் தோளுக்கு மாற்றும் கணத்தில் பட்டனை அழுத்தினால் போதும்; கேமரா யோசிக்க நேரம் எடுக்காது. வியூஃபைண்டரைக் கண்ணில் வைக்காமல், பின் திரையை மேல்நோக்கிச் சாய்த்து, வயிற்றின் உயரத்தில் பிடித்து எடுப்பேன். குழந்தைகளின் கண்மட்டத்துக்கு அது சரியாக அமைகிறது.

அந்தி சாய்ந்த பிறகு வேலை செய்வது கேமரா உடலுக்குள் இருக்கும் ஐந்து அச்சு அதிர்வுத் தடுப்பு. கையில் பிடித்தபடியே 17 மி.மீ. லென்ஸில் எட்டில் ஒரு விநாடி வரை நம்பி எடுக்கிறேன். விளக்கேற்றிய குறுகலான தெருவில் இந்த வேகம் ஒரு தனி அழகைத் தருகிறது: சுவரின் செங்கல், ஜன்னல் கம்பி, கல் பாவிய தரை எல்லாம் அசையாமல் நிற்கும், நடப்பவர்கள் மட்டும் காற்றில் இழுத்த கோடுகளாகக் கடந்து போவார்கள். ஒன்றை மறக்கக்கூடாது. அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், எதிரே ஆடும் ஆளை நிறுத்தாது. ஆள் உறைந்து நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும், ஐஎஸ்ஓவும் ஏறும். நான் 1600 வரை தயங்காமல் போகிறேன். 3200இல் நிழல்களில் மணல் தூவியதுபோல் தெரியத் தொடங்கும்; ரா கோப்பிலிருந்து (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவிலிருந்து) திருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அதற்கு மேல் கறுப்பு வெள்ளைதான்.

முக்காலி கொண்டுபோகும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இரவில் ஒரு கைப்பிடிச் சுவர் கிடைத்தால் லைவ் காம்போசிட் என்ற வசதியைப் பயன்படுத்துகிறேன். அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் புதிதாக வெளிச்சமான பகுதியை மட்டும் கேமராவே சேர்த்துக்கொண்டு போகும். மலைப்பாதையில் வண்டிகளின் விளக்குகள் கோடு கோடாகத் திரையில் வளர்வதை நேரிலேயே பார்க்கலாம். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பின்னணி அளவுக்கு மீறி வெளுத்துப்போகாது.

45 மி.மீ. லென்ஸ் உள்ளங்கையில் அடங்கும் அளவு. பேசிப் பழகி, அனுமதி வாங்கிய பிறகு முகம் எடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. இதில் பின்னணியும் இதமாகவே மங்கும். மங்கல் வேண்டும் என்று ஏங்குபவருக்கும் இது போதும். முகங்களைத் தவிர கதவுகள், கல்வெட்டுகள், கைவேலைகள் என்று எதிலும் தேவையற்றதை வெட்டி எறிய உதவுகிறது. 40-150 ஜூம் மலை மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். பகல் வெளிச்சத்தில் நன்றாக வேலை செய்யும். அதன் திறப்பு (அபெர்ச்சர்) எஃப் 4 முதல் 5.6 வரைதான் என்பதால் மாலையில் பைக்குள் போய்விடும். எந்த லென்ஸாக இருந்தாலும் எஃப் 8க்கு மேல் மூடுவதை நான் தவிர்க்கிறேன். இந்த அளவு சென்சாரில் அதற்கு மேல் விளிம்பு விளைவால் (சிறிய திறப்பின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால்) கூர்மை குறையத் தொடங்கும். மேலே சொன்ன கணக்குப்படி அவ்வளவு மூட வேண்டிய தேவையும் வருவதில்லை.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் அருங்காட்சியகத்திலும் வழிபாட்டு இடங்களிலும் பெரிய உதவி. ஆனால் ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்து விழும். சில வகை எல்இடி விளக்குகளின் கீழ் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடுகள் வரும். அங்கெல்லாம் சாதாரண ஷட்டருக்கு மாறிவிட வேண்டும்.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். பறக்கும் பறவையையோ விளையாட்டையோ விரட்டி எடுப்பவர்கள் வேறு கேமரா பார்க்கலாம். இதன் ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் (ஒளி-நிழல் வேறுபாட்டை அளக்கும்) முறையில் இயங்குவது, நிற்கும் பொருளுக்கு விரைவானது, பாய்ந்து வரும் பொருளைத் தொடர்வதற்கு ஏற்றதல்ல. மழைக்கும் தூசிக்கும் எதிரான காப்பு உடலில் இல்லை. தூறல் விழுந்தால் நான் பையில் வைத்துவிடுகிறேன். ஒரு பேட்டரிக்கு அதிகாரபூர்வக் கணக்கு 320 படங்கள். கேமராவுக்குள் வைத்தபடி யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்ய முடியாது, தனிச் சார்ஜர் வேண்டும். உதிரி பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

16 மெகாபிக்சல் குறைவு என்று தயங்குபவர்களுக்கு: 4608 × 3456 புள்ளிகள் என்பது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 15 அங்குலத்துக்கு மேல் அகலம். வீட்டுச் சுவருக்கும் ஆல்பத்துக்கும் தாராளம்.

இந்த மாடல் இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். வாங்கும்போது லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். திரையைச் சாய்த்து நிமிர்த்தி, எல்லாக் கோணத்திலும் படம் விட்டுப்போகாமல் வருகிறதா என்று பாருங்கள். கேமராவை இயக்கியதும் உள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது அதிர்வுத் தடுப்பின் இயல்பான ஓசை. ஒலிம்பஸின் கேமரா தொழில் 2021இல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அவர்களின் புதிய ஓஎம் சிஸ்டம் கேமராக்களிலும் இதே லென்ஸ்கள் பொருந்தும். ஆகவே பணத்தை உடலைவிட லென்ஸில் போடுங்கள்: முதலில் 17, அது கைக்குப் பழகிய பிறகு 45, ஜூம் கடைசியில்.