எம்.ஓ.டி. (காருக்கு வருடா வருடம் செய்யும் பாதுகாப்புச் சோதனை) பாஸ் என்று காட்டி 3850 பவுண் வாங்கிவிட்டார்கள்: லண்டனில் பாவித்த கார் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. 3850 பவுண். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி, கடைசித் தவணை வரை பொறுத்திருந்து எடுத்த காசு. நான் முதியோரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலை ஆறரைக்கு முதல் வீடு, இரவு பத்துக்குக் கடைசி வீடு. கார் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை.

கார் எடுத்தது மேற்கு லண்டனில், எங்கட ஆக்கள் நடத்துகிற ஒரு பாவித்த கார் யார்ட்டில். பெயர் போடவில்லை. 2016ஆம் ஆண்டுச் சின்னக் கார், மூன்று சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். பார்வைக்குத் துப்புரவாக இருந்தது. பொனற்றைத் திறந்து காட்டினார்கள், எஞ்சின் புதுச் சட்டி மாதிரி மினுங்கியது. அது கழுவித் துடைத்த மினுக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் தயங்கினேன். அப்போதுதான் யார்ட்டில் கார் விற்கிற தம்பி சொன்னார்: "அக்கா, என்னை நம்ப வேண்டாம். உங்கட ஃபோனை எடுங்கோ. கவர்மென்ற் சைற்றிலை நம்பரை நீங்களே அடியுங்கோ." நானே அடித்தேன். காரின் எம்.ஓ.டி. பதிவு வந்தது: மூன்று கிழமைக்கு முந்திய திகதி, அதன் பக்கத்தில் பச்சையில் பாஸ். அட்வைசரி, அதாவது பாஸ் ஆனாலும் இதைக் கவனியுங்கள் என்று எழுதும் குறிப்பு, ஒன்றும் இல்லை. "பாத்தீங்களோ? இது நான் எழுதினதில்லை, அரசாங்கம் எழுதினது" என்றார். அந்த ஒரு நிமிடம்தான். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்டார், பிள்ளைகளை விசாரித்தார், தேத்தண்ணி தந்தார். நின்ற இடத்திலேயே 3850 பவுணையும் வங்கியிலிருந்து அனுப்பினேன். பற்றுச்சீட்டில் "பார்த்தபடியே விற்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. அது வழமையாகப் போடுவது என்றார்.

பத்தொன்பதாம் நாள் இரவு, ஏ40 வீதியில் சிவப்பு ஒயில் லைற் எரிந்தது. நிறுத்த இடம் தேடுவதற்குள் எஞ்சினுக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. இரவு பதினொன்றேகாலுக்கு வேலைச் சட்டையோடு வீதியோரம் தனியே நின்றேன்.

அடுத்த நாள் ஃபோன் பண்ணினால், "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா, காரை இஞ்சை இறக்கிவிடுங்கோ, எங்கட மெக்கானிக் திருத்தித் தருவார்." இறக்கினேன். பிறகு தொடங்கியது இழுபறி. "நாளைக்குப் பாப்பம்." "மெக்கானிக் லீவு." "சாமான் ஓடர் பண்ணியிருக்கு." வட்ஸ்அப்பில் நீல ரிக் விழும், பதில் வராது. பதினாறு நாள் வைத்திருந்துவிட்டு, தொடாத காரைத் திருப்பித் தந்தார்கள். முப்பத்தைந்தாம் நாள் அதே வாய் சொல்கிறது: "முப்பது நாள் முடிஞ்சுது அக்கா, இனி ஒண்டும் செய்யேலாது. எம்.ஓ.டி. பாஸ் தானே, விக்கேக்கை கார் நல்லாத்தானே இருந்தது?"

வேறொரு கராச்சில் எஞ்சினின் அடித் தொட்டியைக் கழற்றினார்கள். ஒயிலை உறிஞ்சும் சல்லடையை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். கருகின வெங்காயத் தாள் மாதிரிக் கறுத்தத் துணிக்கைகள் கண்ணெல்லாம் அடைத்துக் கிடந்தன. இந்த வகை எஞ்சினில் ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. காலம் போக, அல்லது பிழையான ஒயில் விட்டால், பெல்ற்றின் றப்பர் உதிரும். உதிர்ந்தது சல்லடையை அடைக்கும், ஒயில் மேலே ஏறாது, எஞ்சின் இறுகிச் செத்துவிடும். வேறு எஞ்சின் போட 3200 பவுண் கேட்கிறார்கள். 3850க்கு வாங்கின காருக்கு!

"எம்.ஓ.டி. செய்தவர்கள் இதைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "அவர்கள் பார்ப்பதே இல்லை" என்றார். உண்மைதான். எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் என்ன நிலையில் இருக்கின்றன என்பது எம்.ஓ.டி.யில் சேராது என்று அரசாங்கத் தளத்திலேயே எழுதியிருக்கிறது. எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். பிறேக், ரயர், லைற், ஸ்ரியறிங், துரு, புகை போன்றவைதான் சோதனை. அதுவும் அன்றைய நாளுக்கு மட்டும்.

வீட்டில் வந்து அரசாங்கத் தளத்தில் அந்த எம்.ஓ.டி. பதிவை அடிவரை வாசித்தபோதுதான் வயிறு எரிந்தது. எல்லாம் அங்கேயே இருந்தது. நான் மேல் வரியோடு நின்றுவிட்டேன். 2025 ஜனவரியில் பெயில். பின் பிறேக் பைப் துருப்பிடித்தது என்றும், ஒயில் கசிவு இருக்கிறது, ஆனால் அளவுக்கு மிஞ்சவில்லை என்றும் குறித்திருந்தார்கள். கடைசிச் சோதனையில் அந்தக் கசிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. திருத்தினதுக்கு ஒரு பில்லும் இல்லை. எஞ்சினைக் கழுவியதுதான் திருத்தம். அதற்கு முன், 2021 நவம்பருக்குப் பிறகு அடுத்த சோதனை 2024 ஜனவரியில். 2022 நவம்பரில் முடிந்த எம்.ஓ.டி., பதினான்கு மாதம் இல்லாமலே கிடந்திருக்கிறது. நான் ஃபோனில் கேட்டபோது "கொரோனா நேரம் அக்கா" என்றார். கொரோனாவுக்காகத் தந்த ஆறு மாத நீடிப்பு 2020 மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை முடிய இருந்த கார்களுக்குத்தான். 2022ல் என்ன கொரோனா?

புது லொக்புக் (காரின் பதிவுப் பத்திரம்) தபாலில் வந்தபின் அதிலுள்ள 11 இலக்க எண்ணை அதே தளத்தில் போட்டால், சோதனை எங்கே நடந்தது என்றும் காட்டும். போட்டேன். கடைசிச் சோதனை யார்ட் இருக்கிற அதே தெருவில். தெரியாத ஒன்றை நான் சொல்ல மாட்டேன், ஆனால் இது எனக்குத் தூக்கம் தரவில்லை.

விபரமாக எழுதத்தான் நினைத்தேன், இன்னும் அரை மணியில் வேலைக்குப் போகவேணும், பஸ்ஸில். ஆகவே சுருக்கமாக. பதிவை முதல் வருடத்திலிருந்து வாசியுங்கள். ஒரு வருடம் இருந்த அட்வைசரி அடுத்த வருடம் காணாமல் போனால் பில் கேளுங்கள். மைலேஜ் வருடா வருடம் ஒழுங்காக ஏறுகிறதா பாருங்கள். ஒயிலுக்குள் ஓடும் பெல்ற் என்றால், அதை மாற்றின பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். காசில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கு பிரிவு 75 என்ற சட்ட விதியின் கீழ் கார்ட் கம்பனியும் பொறுப்பு. நான் அது தெரியாமல் 3850ஐயும் நேரே அனுப்பினேன்.

"முப்பது நாள் முடிஞ்சுது" என்றால் நம்ப வேண்டாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பழுதான பொருளை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம்; திருத்தவென்று அவர்கள் வைத்திருக்கும் நாட்கள் அந்த முப்பதில் சேராது. வியாபாரி விற்றால் "பார்த்தபடியே" என்ற வரியும் அந்த உரிமையைப் பறிக்காது. இதை சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பினர் ஃபோனில் விளக்கிச் சொன்னார்கள். வழக்குக்கு முந்திய கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது. 10,000 பவுண் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் லோயர் இல்லாமல் போகலாமாம்.

இன்று காலை அந்தத் தம்பிக்கு மறுபடி ஃபோன் எடுத்தேன். "அக்கா, ட்ரைவிங்கிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். 3850 பவுணில் ஒரு சதமும் இன்னும் வரவில்லை. கார் என் வாசலில் நிற்கிறது, அடுத்த எம்.ஓ.டி.க்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.