கலர் கார்டை நம்பாமல் சாம்பிள் டப்பா வாங்கிய கதை

படிக்கிற அறைக்கு வெளிர்நீலமா சந்தன நிறமா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. கலர் கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவு கட்டம். அதைப் பார்த்து நாலு சுவருக்கு முடிவெடுக்கத் துணிச்சல் வரவில்லை. அதனால் இரண்டிலும் ஒவ்வொரு சாம்பிள் டப்பா வாங்கினேன்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். பழைய மஞ்சள் சுவரிலேயே நீலத்தை அடித்துவிட்டேன். பக்கத்து மஞ்சளால் நீலம் இன்னும் நீலமாகக் கண்ணைக் குத்தியது. அப்புறம் வெள்ளை சார்ட் பேப்பரில் ஓரம் விட்டு இரண்டு கோட்டிங் அடித்து, சுவர் சுவராக ஒட்டிப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் கொஞ்சம் அழுத்தமாக வேறொன்று. ஒரு நாளாவது பொறுக்க வேண்டும்.

எங்கள் ஜன்னலில் நேர் வெயில் விழாது. வருவது வானத்து வெளிச்சம் மட்டும், அதிலேயே லேசாக நீலம் உண்டு. அந்த வெளிச்சத்தில் வெளிர்நீலம் மழை வரப்போகிற மதியம் மாதிரி சோர்ந்து கிடந்தது. அதே அட்டை, வெயில் விழும் ஹாலில் அவ்வளவு அழகு! சந்தனம் பகலில் பிரமாதம். ராத்திரி 2700 கெல்வின் பல்பை, அதாவது மஞ்சள் வெளிச்சம் தருவதைப் போட்டதும் சுவரில் மஞ்சள் பூசியது போல ஆகிவிட்டது. அதைவிட வெண்மையான வெளிச்சம் தரும் 4000 கெல்வின் பல்பு மாற்றியதும் அடங்கியது. பல்பை முடிவு செய்யாமல் நிறத்தைப் பேசியதுதான் ஒரு மாதச் சண்டைக்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

சாம்பிள் டப்பாவிலும் குறை உண்டு. நான் வாங்கியது பளபளப்பே இல்லாமல் காய்ந்தது, சுவருக்கு வாங்கப்போவதோ லேசான மினுமினுப்பு உள்ள எமல்ஷன். ஒரே நிறம்தான், ஆனால் பார்வைக்கு ஒன்றாக இல்லை. மூடியும் மட்டம், ஒருமுறை திறந்தால் சரியாக மூடாது.

கடைசியில் சந்தனம்தான், அதுவும் கார்டில் ஒரு படி வெளிறியது. நாலு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை வீசும், அட்டையில் பார்த்ததைவிட அறையில் தூக்கலாகத் தெரியும். அடித்து மூன்று வாரம் ஆகிறது. நீலக் கட்சிக்காரர் இன்னும் வாய் திறந்து பாராட்டவில்லை, ஆனால் சாயங்காலமானால் புத்தகத்தோடு அங்கேதான் உட்காருகிறார். மீதி நீலத்தை ஹாலில் ஒரு சுவருக்குக் கேட்டிருக்கிறார்.